அம்பாசிடரா, பியட் பத்மினியா? பொள்ளாச்சி வீட்டுக்கு ஒரு பழைய கார்

என் தங்கை வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் இருக்கிறார். பழைய கார் ஒன்று வாங்கி ஓட்ட வேண்டும் என்பது அவருக்குப் பல நாள் ஆசை. இப்போது இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று கோவையில் நிற்கும் 1985 பிரீமியர் பத்மினி. நம் ஊர்ப் பேச்சில் பியட். இன்னொன்று தாராபுரத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டில் நிற்கும் 1984 அம்பாசிடர் மார்க் 4. இரண்டும் பெட்ரோல், இரண்டும் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கை கியர், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். "எதை எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க மச்சான்" என்று போனில் கேட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அவரைப் போல இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் அப்பா 16 வருடம் பியட் ஓட்டினார். பெரியப்பா வீட்டில் அம்பாசிடர். லீவு நாட்களில் இரண்டு வண்டிக்கும் கிரீஸ் அடித்து, பாயிண்ட் செட் தேய்த்து, கழுவித் துடைத்து வளர்ந்தவன் நான். இரண்டின் மேலும் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்துகிற வண்டிகள் இல்லை.

இரண்டுமே வெளியூரில் பிறந்தவை. அம்பாசிடரின் தாய் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. 1950-களின் கடைசியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் வரை அங்கிருந்து வந்துகொண்டே இருந்தது. பத்மினி, இத்தாலியின் பியட் 1100 டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் 1964-இல் தொடங்கி, 1974-இல் பத்மினி என்று பெயர் மாற்றியது. 2000 வாக்கில் தயாரிப்பு நின்றுவிட்டது. இந்த 14 வருட இடைவெளி உதிரி பாகக் கடையில் என்ன செய்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஓட்டம். பத்மினிக்கு 1089 சி.சி. எஞ்சின், சுமார் 40 குதிரைசக்தி, எடை 900 கிலோவுக்குச் சற்றுக் கீழே. அம்பாசிடருக்கு 1489 சி.சி., சுமார் 50 குதிரைசக்தி, எடை 1,100 கிலோவுக்குக் குறையாது. வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் டன்னுக்கு 45 குதிரைசக்தி வருகிறது. காகிதத்தில் ஒன்றுதான். ஆனால் ஓட்டிப் பார்த்தவர் யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள்.

பியட் எஞ்சின் சுற்றச் சுற்றத்தான் உயிர் பெறும். இரண்டாவது கியரில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, சத்தம் மேலே போனதும் மூன்றாவதுக்குத் தள்ளினால் துள்ளிக்கொண்டு போகும். உடம்பு சின்னது, ஸ்டியரிங் லேசு, சந்தில் திருப்புவது சுலபம். டவுனுக்குள் அதற்கு இணை அந்தக் காலத்தில் இல்லை. அம்பாசிடர் வேறு மாதிரி. அதன் இழுவிசை பியட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைத்துவிடும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சோடும் மேடு ஏறலாம், அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவசரப்படுத்தினால் வராது. லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வெகு தூரம் வெறுமையாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் பியட்டும் பெரிய சூரன் இல்லை. இன்றைய நாலு வழிச் சாலையில் இரண்டுமே 70, 80 வேகத்தில் இடது பக்கம் போகிற வண்டிகள்தான். அதற்கு மேல் அழுத்தினால் வண்டிக்கும் கஷ்டம், உள்ளே இருப்பவர்களுக்கும் கஷ்டம்.

மைலேஜ், எங்கள் அனுபவத்தில், பியட் லிட்டருக்கு 12, 13. அம்பாசிடர் பெட்ரோல் 9, நல்ல கை ஓட்டினால் 10. மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் எட்டுப் பத்து லிட்டர்தான். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பேன்.

உட்காருவதில் அம்பாசிடருக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. உயரமான கூரை, அகலக் கதவு, பின் சீட்டு நாற்காலி மாதிரி உயர்ந்து நிற்கும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி. குனிந்து நுழைந்து, தாழ்ந்த சீட்டில் விழுந்து, பிறகு கை கொடுத்துத் தூக்க வேண்டிய வண்டிகள்தான் இன்று எல்லா வீட்டிலும் இருக்கின்றன. அம்பாசிடரில் அவர் தானே ஏறி உட்கார்ந்து, தானே இறங்குவார். பியட்டிலும் பின் சீட்டு மோசமில்லை, ஆனால் நான்கு பேருக்கு மேல் அது பேருக்குத்தான். குண்டும் குழியுமான தோப்புப் பாதையில் அம்பாசிடர் மிதந்து போகும். பியட் குழியை எண்ணிக் காட்டும். வளைவில் மட்டும் இது தலைகீழ். அம்பாசிடர் சாயும், பியட் ஒட்டிக்கொண்டு திரும்பும்.

பிரேக் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். இந்த இரண்டு வண்டிகளிலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அழுத்துவதற்குக் காலில் பலம் வேண்டும். பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். எதை வாங்கினாலும், வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரமே நான்கு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். நன்றாகத்தானே பிடிக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். இதையெல்லாம் மாற்றிய பிறகும் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் இடையில் இரண்டு மடங்கு இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும்.

சரி, இப்போது பராமரிப்பு. இந்த இரண்டு கார்களையும் உண்மையில் பிரிப்பது சூடுதான்.

அம்பாசிடரின் 1489 எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட்டும் வார்ப்பிரும்பு. பியட்டில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் கடத்தும், எஞ்சின் துடிப்பாக ஓட அதுவும் ஒரு காரணம். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கி வண்டி கொதித்துவிட்டால், இரும்பு ஹெட் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிப் போய்விடலாம். அலுமினியம் அப்படி இல்லை. ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும். வளைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் பிடிக்காது. தண்ணீர் ஆயிலில் கலந்து, ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வரும். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் ஃபேஸ் எடுத்து, அதாவது அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி, புது கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளைச் சரியான வரிசையில் சரியான இறுக்கத்துக்கு முடுக்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலையில்தான் நாங்கள் ஒருமுறை அடிபட்டோம். அப்பாவின் பியட்டுக்கு ஹெட் வேலை பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக் கணக்கிலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி கசிவு. திரும்பக் கழற்றியபோது ஹெட் இன்னும் மோசமாக வளைந்திருந்தது. அப்பா அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்புறம் வேறு ஒரு பெரியவர் பொறுமையாகச் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த ஹெட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. பியட் எஞ்சின் பலவீனமான எஞ்சின் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் பார்த்தால் அது நெடுங்காலம் உழைக்கும். ஆனால் கவனம் தப்பினால் மன்னிக்காது.

கொங்கு நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் போர் தண்ணீர் உப்பு. தினமும் அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, குழாய்களில் சுண்ணாம்பு மாதிரி படிந்து அடைத்துவிடும். அலுமினிய ஹெட்டின் தண்ணீர் துவாரங்களை அரிக்கவும் செய்யும். பியட் வாங்குகிறவர் போர் தண்ணீரை மறந்துவிட வேண்டும். கூலண்டும் வாலை வடிநீரும் (டிஸ்டில்டு வாட்டர்) கலந்துதான் ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் வேலை செய்ய வேண்டும். ஃபேன் பெல்ட் தளரக்கூடாது. நல்ல டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்தி, ஓட்டும்போது அதை அடிக்கடி பார்க்கிற பழக்கம் வேண்டும். அம்பாசிடருக்கும் இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு நாள் மறந்தால் எஞ்சின் போய்விடாது.

அம்பாசிடருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. அதன் இரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தனி வளையம் இல்லை, அந்த இரும்பிலேயே கடைந்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. அதன் பிறகு, வேகமாக நீண்ட தூரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வின் உட்காருமிடம் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும். டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கு மேலே விடும் சின்ன இடைவெளி, வைத்த அளவில் நிற்காமல் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம். ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது கடினமான இரும்பில் வால்வு சீட்டு வளையம் போட்டுவிட்டால் தீர்ந்தது. நல்ல லேத் பட்டறையில் செய்வார்கள். பியட்டின் அலுமினிய ஹெட்டில் வளையம் முதலிலேயே இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

இப்போது எல்லா பங்கிலும் வருகிற, எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் இரண்டுக்குமே ஒவ்வாது. பழைய ரப்பர் ஹோஸ், ஃபியூல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி விரிசல் விடும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நிற்கிற வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றி, நடுவில் ஒரு பில்டர் வைத்து, பத்து நாளுக்கு ஒருமுறையாவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட வேண்டும். பெட்ரோல் கசிவு என்பது தீ. அதனால் இதைப் பிரேக்குக்கு அடுத்த வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே போனால் வேலை கொஞ்சம் மாறும். அம்பாசிடரின் முன் சக்கரங்களைத் தாங்குவது ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கும் நீளமான கம்பி, டார்ஷன் பார். வருடக்கணக்கில் அது தளர்ந்து மூக்கு தாழ்ந்திருக்கும், ஆனால் சரிசெய்து உயர்த்த முடியும். பியட்டுக்கு காயில் ஸ்பிரிங். பின்னால் இரண்டுக்கும் லீஃப் பட்டைதான். இரண்டிலும் கிரீஸ் நிப்பிள்கள் நிறைய. மாதம் ஒரு காலை அதற்கு ஒதுக்க மனசில்லாதவர் இந்த வண்டிகள் பக்கமே வர வேண்டாம். கை கியரின் புஷ் தேய்ந்தால் கியர் தேடவேண்டி வரும். இரண்டுக்கும் புஷ் செட் சின்னச் செலவுதான்.

உதிரி பாகத்துக்கு வருவோம். இங்கே அம்பாசிடர் தெளிவாக முன்னே நிற்கிறது. அது 2014 வரை வந்தது. அரசு அலுவலகம், டாக்சி என்று நாடு முழுக்க ஓடியது. சென்னை ஜி.பி. ரோட்டில் புதுப் பாகம், புதுப்பேட்டையில் பழைய பாகம், இரண்டும் கிடைக்கும். கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகள் 15 வருட வரம்பால் ஆயிரக்கணக்கில் கழிந்துபோக, அந்தப் பாகங்கள் அங்குள்ள பழைய பாகச் சந்தையான மல்லிக் பஜாரில் வந்து குவிந்தன. பியட்டின் கதை வேறு. அதன் பாகங்கள் இத்தனை காலம் கிடைத்துவந்ததற்கு மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள்தான் பெரிய காரணம். கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29. அங்கே டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. ஆக, 2023 அக்டோபர் முடிவோடு அவை தெருவிலிருந்து போய்விட்டன. தினமும் வாங்குகிற டாக்சிக்காரர்கள் இல்லாமல் போனால் பாகம் செய்கிறவர்களும் மெல்லக் குறைவார்கள். இன்றைக்கு எஞ்சின் பாகம், பிரேக் பாகம் பியட்டுக்குக் கிடைக்கின்றன. நல்ல கிரில், லைட் வளையம், கதவு ரப்பர் என்று வந்தால் ஊர் ஊராகத் தேட வேண்டும். பியட் வாங்குகிறவர் ஹெட் கேஸ்கட் இரண்டு, வாட்டர் பம்ப் ஒன்று, பிரேக் கிட் ஒன்று என்று இப்போதே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

மெக்கானிக்கும் அப்படித்தான். பொள்ளாச்சி, உடுமலை, பழனி எங்கே நின்றாலும் அம்பாசிடரைத் தொடத் தெரிந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருப்பார். பியட் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கோவையில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

மாப்பிள்ளை கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வாங்கும்போது எஞ்சினைவிட பாடியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். டிங்கரிங் வேலைக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது, தோண்டத் தோண்ட வரும். இரண்டுமே தனி சேசிஸ் இல்லாத வண்டிகள், பாடிதான் எலும்பு. கால் மிதிக்கும் தரை, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியின் அடித்தளம் இங்கெல்லாம் துரு இருந்தால், மேலே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிட வேண்டும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் துருவையும் நசுங்கலையும் மறைக்கப் பூசிய பட்டி.

எஞ்சினுக்கு, அது குளிர்ந்திருக்கும்போதே போய் நிற்க வேண்டும். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நிற்காமல் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். பியட்டில் இதை விட்டுவிடவே கூடாது.

காகிதம் அடுத்து. ஆர்சி புக்கில் உள்ள எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் செலவு குறைக்க இந்த இரண்டு வண்டியிலும் டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டவர்கள் ஏராளம், அதை எல்லோரும் ஆர்சியில் ஏற்றவில்லை. 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பதிவு முடிய இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்பதை விலை பேசும்போது கணக்கில் எடுக்க வேண்டும். இன்னும் பழைய, 50 வருடம் தாண்டிய வண்டியாக வாங்கி விண்டேஜ் பதிவு எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அப்படி எடுத்தால் கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் ஓட்டலாம், தினப்படி ஓட்டக் கூடாது. பழனிக்குப் போக ஆசைப்படுகிறவருக்கு அது ஒத்துவராது.

தாராபுரம் வண்டிக்குப் பதில் 1990-களில் வந்த 1800 இசுசு அம்பாசிடர் கிடைத்தால் எடுக்கலாமா என்றும் கேட்டார். சுமார் 75 குதிரைசக்தி, ஐந்து கியர். ஓட்ட மிகவும் நன்றாக இருக்கும், இந்த இரண்டையும் எளிதாகப் பின்னால் விட்டுவிடும். ஆனால் அதன் ஹெட் அலுமினியம், உள்ளே டைமிங் பெல்ட். அம்பாசிடரின் உருவம் இருக்கும், நான் இவ்வளவு நேரம் சொன்ன அந்தப் பொறுமை இருக்காது.

ஆக, யாருக்கு எது? ஓட்டுவதில் ஆசை உள்ளவர், தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர், கோவை மாதிரி ஊரில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதை வேலையாக நினைக்காதவர் பியட் எடுக்கட்டும். எனக்கு ஒரு வண்டி என்றால் நான் யோசிக்காமல் பியட்தான் எடுப்பேன். இரண்டாவது கியரில் அந்த எஞ்சின் பாடுகிற பாட்டுக்காகவே எடுப்பேன்.

மாப்பிள்ளைக்கு அம்பாசிடர். அவர் நல்ல மனிதர், வேலையில் மூழ்குகிறவர், மீட்டரைப் பார்க்கிறவர் இல்லை. அம்மாவும் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் அதில் போவார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், மே மாத மத்தியானத்தில், ஐந்து பேரோடு அந்த வண்டி சூடாகலாம். அப்போது அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி, குடத்துத் தண்ணீரை ஊற்றி, குழந்தைகளுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு மறுபடி கிளம்ப முடிகிற வண்டிதான் அவருக்கு வேண்டும்.

இன்று இரவே போன் செய்து சொல்லப்போகிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கே தாராபுரம் போய்விட வேண்டும், மண்டிக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்குள். காந்தமும் டார்ச் லைட்டும் எடுத்து வைத்துவிட்டேன். தரையில் துரு இருந்தால் வெறுங்கையோடு திரும்பி, வேறு அம்பாசிடர் தேடுவோம்.